கோட்டுக்கு அகலம் உண்டா?

பெயர்ப்பலகை செய்யும் கடையில் லேசர் மெஷின் ஓடுவதைக் கண்ணாடி மூடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த எல்லோருக்கும் ஒரு கேள்வி வந்திருக்கும். தேனியிலும் கம்பத்திலும் இன்று கல்யாணப் பரிசு முதல் வாசல் பலகை வரை இந்த மெஷினில்தான் செய்கிறார்கள். உள்ளே ஒரு பிளைவுட் துண்டு கிடக்கிறது. அதன்மேல் சின்ன மூக்கு ஒன்று விறுவிறுவென்று இடமும் வலமுமாக ஓடி, வீட்டுக்காரர் பெயரைக் கருப்பாக எழுதுகிறது. எழுதி முடித்ததும் அதே மூக்கு மெதுவாகப் பலகையின் ஓரத்தைச் சுற்றி வருகிறது. இந்த முறை மரம் அறுந்து தனியே விழுகிறது.

ஒளி அதேதான், மரமும் அதேதான். பெயரை எழுதும்போது ஏன் அறுபடவில்லை? ஓரத்துக்கு வந்ததும் அறுக்க வேண்டும் என்று மெஷினுக்கு யார் சொன்னது?

சொன்னது பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர். அதற்குச் சொன்னவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு பொருள் செய்யலாம். போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்தில் அந்தத் துல்லியத்துக்கு விலை உண்டு. அதை ஒரு எடுத்துக்காட்டோடு பிறகு பார்ப்போம்.

இஸ்திரிப் பெட்டியும் அறுபது வாட்டும்

நம் வீடுகளில் முன்பு எரிந்த குண்டு பல்பு அறுபது வாட். அது எடுத்துக்கொண்ட அறுபது வாட்டையும் அறை முழுக்கச் சிதறவிட்டது. நடுத்தரமான லேசர் மெஷின் ஒன்றின் குழாயிலிருந்து வெளியே வருவதும் ஏறத்தாழ அறுபது வாட்தான். ஆனால் அது சிதறுவதில்லை. நேர்கோட்டில் வந்து, மூக்கின் உள்ளே இருக்கும் லென்ஸில் குவிந்து, கடுகைவிடச் சிறிய புள்ளியில் இறங்குகிறது. ஒரு சந்தைக்கூட்டம் முழுவதும் ஒரே கதவு வழியாக நுழைய முண்டியடித்தால் என்ன ஆகுமோ அது அங்கே ஆகிறது.

இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. மெஷினில் நாம் பார்க்கும் சிவப்புப் புள்ளி, எங்கே விழப்போகிறது என்று காட்டுவதற்காக வைத்த வேறு விளக்கு. வேலை செய்வது அகச்சிவப்பு ஒளி. கார்பன் டை ஆக்சைடு வாயு கலந்த கண்ணாடிக் குழாயில் அது பிறக்கிறது. இந்த வகை லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் புணே மாவட்டத்தில் பாராமதியில் பிறந்தவர். அந்த மாவட்டத்தின் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் அங்கே வருவோம்.

நம் கண்ணுக்குத் தண்ணீர்போல் தெளிவாகத் தெரியும் அக்ரிலிக் தகடு, இந்த ஒளிக்கு இருட்டுச் சுவர். ஒளி ஊடுருவாமல் மேற்பரப்பிலேயே நின்றுவிடுவதால் அங்கே சூடேறி, அக்ரிலிக் உருகி ஆவியாகிறது. மரம் கருகிப் புகையாகிறது. இரும்போ பெரும்பகுதி ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். இரும்புத் தகட்டை அறுக்க இந்தச் சின்ன மெஷினால் முடியாது.

இனி நம் கேள்விக்கு வருவோம். இஸ்திரி போடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால் சுருக்கம் நீங்கும். ஒரே இடத்தில் பத்து நொடி நின்றால் சட்டையில் ஓட்டை. பெட்டியின் சூடு மாறவில்லை, நின்ற நேரம்தான் மாறியது. லேசரும் அப்படித்தான். அறுபது வாட் ஒளி நொடிக்கு 20 மி.மீ. நகர்ந்தால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 3 ஜூல் வெப்பம் கிடைக்கிறது. 3 மி.மீ. தகட்டை அறுக்க அது போதும். அதே ஒளி நொடிக்கு 300 மி.மீ. ஓடினால் கிடைப்பது பதினைந்தில் ஒரு பங்கு. கூடவே சக்தியையும் ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் எழுபத்தைந்தில் ஒரு பங்கு. மேல்தோல் மட்டும் கருகும். எழுத்து வந்துவிடும்.

மென்பொருளில் இதைச் சொல்வது நிறத்தால். அறுக்க வேண்டிய கோட்டுக்கு ஒரு நிறம், எழுத வேண்டியதற்கு இன்னொரு நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரே வேகம் இவ்வளவு, சக்தி இவ்வளவு என்று இரண்டு எண்கள். சிவப்பு என்றால் அறுப்பு என்று எந்தச் சட்டமும் கிடையாது. அந்த நிறத்துக்கு நாம் மெதுவான வேகத்தைக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். ‘அறு’, ‘எழுது’ என்ற இரண்டு சொல்லும் மெஷினுக்குத் தெரியாது. எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

போடிமெட்டு ஏறும் பஸ் கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைப்பதுபோல், மூக்கும் மூலைகளில் திரும்பும்போது வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் அங்கே சூடு கூடும், மூலை கருகும். அதனால் நல்ல மென்பொருள் திருப்பத்தில் சக்தியையும் கூடவே குறைத்துக்கொள்கிறது.

கோலம் சொல்லும் வித்தியாசம்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொண்டுவந்து ‘இதை அப்படியே வெட்டிக் கொடுங்கள்’ என்று கேட்பவர்கள் நிறைய. கடைக்காரர் தயங்குவார். காரணம், அந்தப் படத்தில் கோடே கிடையாது.

செல்போன் படம் என்பது லட்சக்கணக்கான நிறப் புள்ளிகளின் குவியல். இதைப் புள்ளிப்படம் என்போம். பெரிதாக்கிப் பார்த்தால் வட்டத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். லேசர் மூக்குக்கு வேண்டியது வேறு. ‘இங்கே தொடங்கு, இந்தப் பக்கம் வளை, அங்கே முடி’ என்ற வழிதான் அதற்கு வேண்டும். வழியாகச் சொல்லப்பட்ட படத்தைக் கோட்டுப்படம் என்போம். நூறு மடங்கு பெரிதாக்கினாலும் அதன் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவர் மனத்தில் இருப்பது கோட்டுப்படம். அவர் முடிந்த கோலத்தின் போட்டோவை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இந்தப் புள்ளியைச் சுற்று, அடுத்ததைத் தாண்டு, திரும்பு என்று கை போகும் வழியைத்தான் வைத்திருக்கிறார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினிக்குப் புரியும் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். லேசர் மென்பொருள் செய்வதும் அதே பணி. மனிதர் வரைந்ததைக் கை போகும் வழியாக மாற்றுகிறது.

வளைவைச் சொல்லும் வித்தை கார்த் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. பிரான்சில் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஷோ 1959இலும், சற்றுப் பின்னால் ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேயும் தனித்தனியே இதைக் கண்டார்கள். இரண்டு முனைப்புள்ளிகள், வளைவை இழுத்துப் பிடிக்கும் இரண்டு கைப்பிடிப் புள்ளிகள் என நான்கு புள்ளிகளால் ஒரு வளைவைச் சொல்லிவிடலாம். காரின் முகப்பை வரைய வந்த அந்த வளைவுகள்தான் இன்று கம்ப்யூட்டரில் நாம் பார்க்கும் ‘அ’வையும் ‘ஆ’வையும் வரைகின்றன.

‘போ’ உடையும் இடம்

எழுத்து என்றதும் தமிழில் எழுதுகிறவர்களுக்கு வரும் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ‘போடி’ என்று அடித்துப் பாருங்கள். திரையில் தெரியும் ‘போ’வில் மூன்று துண்டு இருக்கிறது: முன்னால் இரட்டைக் கொம்பு, நடுவில் ப, பின்னால் கால். கம்ப்யூட்டரின் நினைவில் இருப்பதோ ‘ப’, அதன்பின் ஓகாரக் குறி என்று இரண்டே. கொம்பை முன்னால் தூக்கிப் போட வேண்டும் என்பது மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத மென்பொருளில் ‘ப’ தனியாக நிற்கும், கொம்பும் காலும் வெறும் வட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அருகே நிற்கும். மெஷின் அதையும் அப்படியே பலகையில் எழுதிவிடும்.

தமிழை ஒழுங்காகக் கோக்கும் மென்பொருளில் சொல்லை அடித்து, அங்கேயே எழுத்தைக் கோடாக மாற்றிக்கொண்டு, பிறகு லேசர் மென்பொருளுக்கு அனுப்புவதே வழி. 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் இதைச் செய்யும். கோடாக மாற்றியபின் அது எழுத்தாக இருக்காது, வடிவமாக ஆகிவிடும். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் உடையாது. ஆனால் எழுத்துப்பிழை இருந்தால் இனித் திருத்தவும் முடியாது. அதனால் மூல எழுத்தை ஒரு பிரதி தனியே சேமித்துவிட்டு மாற்றுங்கள்.

எட்டு மில்லிமீட்டர் ஓட்டை

ஒரு பொருளைச் செய்து பார்ப்போம். கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கத்திலிருந்து விடிகாலையில் ஜீப்பில் ஏறி இடுக்கி மலைத் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களை இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அறிவோம். அந்தக் காய் உலர்ந்து, சலித்துத் தரம் பிரிந்து, போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலத்துக்கு வருகிறது. நிறம் ஒரு கணக்கு, எடை ஒரு கணக்கு. பருமன் மூன்றாவது கணக்கு. அக்மார்க் தரப்படி ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்றால் 7 மி.மீ., ‘போல்டு’ என்றால் 6. வியாபாரப் பேச்சில் மேலே நிற்பது எட்டு எம்.எம். காய்.

பருமனை எப்படி அளக்கிறார்கள்? வட்ட ஓட்டை போட்ட சல்லடையால். எட்டு மி.மீ. ஓட்டையில் விழாமல் மேலே தங்கினால் அது எட்டுக்கு மேல். ஆக, ஓட்டையின் அளவுதான் தீர்ப்பு.

சின்ன விவசாயி ஒருவர் தன் காயை வீட்டிலேயே சோதித்துக்கொள்ள, 3 மி.மீ. அக்ரிலிக்கில் 5, 6, 7, 8 மி.மீ. ஓட்டைகள் கொண்ட உள்ளங்கை அளவுத் தட்டு ஒன்று செய்வோம். மென்பொருளில் வட்டத்தைத் தேர்ந்து, விட்டம் 8 என்று கொடுத்து வெட்டுகிறோம். வெட்டிய ஓட்டையை வெர்னியர் அளவியால் அளந்தால் 8 வராது. 8.2 பக்கம் காட்டும்.

மெஷின் தப்பாக ஓடவில்லை. மென்பொருள் வரைந்த கோட்டுக்கு அகலமே கிடையாது, பள்ளிக்கூட வடிவியலில் படித்ததுபோல. ஒளிக்கு அகலம் உண்டு. அது கோட்டின் நடுவே நடந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் பொருளைத் தின்றுகொண்டு போகிறது. மர அறுவை மில்லில் ரம்பத்தின் அகலம் தூளாகப் போவதுபோல, இங்கே புகையாகப் போகிறது. இதை வெட்டிழப்பு என்று பெயரிடுவோம்.

வெட்டிழப்பு எவ்வளவு என்று மெஷின் சொல்லாது. நாம் அளக்க வேண்டும். ஒரே வெட்டை நேராக அளந்தால் பிழை அதிகம் வரும், அதனால் பத்து வெட்டைச் சேர்த்து அளப்போம். 100 மி.மீ. நீளத்தில் ஒரு செவ்வகம் வரையுங்கள். அதைப் பத்துத் துண்டாக்க உள்ளே ஒன்பது குறுக்குக் கோடுகள். வெட்டியபின் பத்துத் துண்டையும் இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்து நீளத்தை அளந்து பாருங்கள். 98.2 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். காணாமல் போனது 1.8. ஒன்பது உள்வெட்டும், இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு அரை வெட்டும் சேர்ந்து மொத்தம் பத்து வெட்டு. ஆக ஒரு வெட்டுக்கு 0.18 மி.மீ.

நோட்டுப் புத்தகத்தின் சில தாள் தடிமன்தான். ஆனால் அந்தத் தட்டை வைத்துச் சோதித்தால் 8.00க்கும் 8.18க்கும் இடைப்பட்ட காயெல்லாம் கீழே விழும். எட்டு எம்.எம். என்று விலை பெற வேண்டிய காயை, விவசாயி தானே ஏழில் சேர்த்துவிடுவார். கோட்டுக்கு அகலம் இல்லை என்று நம்பியதற்கு அவர் கொடுக்கும் விலை அது.

திருத்துவது எளிது. ஓட்டையின் கோட்டைச் சுற்றிலும் வெட்டிழப்பில் பாதி, அதாவது 0.09 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும். விட்டம் 7.82 என்று வரைந்தால் வெட்டியபின் 8.00 வரும். தட்டின் வெளி ஓரத்துக்கோ அதே 0.09ஐ வெளியே தள்ள வேண்டும். நல்ல லேசர் மென்பொருளில் இந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் இரண்டையும் அதுவே செய்துகொள்ளும்.

எது ஓட்டை, எது ஓரம் என்று அதற்கு எப்படித் தெரியும்? எத்தனை வேலிக்குள் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறது. வெளியிலிருந்து ஒரு வேலியைத் தாண்டினால் தகடு, இரண்டாவதைத் தாண்டினால் ஓட்டை, ஓட்டைக்குள் இன்னொரு வேலி இருந்தால் மறுபடி தகடு. இந்தக் கணக்குக்கு வேலி முழுதாக மூடியிருக்க வேண்டும். வரைந்தவர் கை தவறி, கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தால் உள்ளே எது, வெளியே எது என்ற கேள்விக்கே பதில் இல்லை. திருத்தம் வேலை செய்யாமல் போவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். எண்ணை மாற்றி மாற்றிப் போடுவதற்கு முன்னால் கோடு மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வரிசை. ஓட்டைகளை முதலில் வெட்டி, வெளி ஓரத்தைக் கடைசியில் வெட்ட வேண்டும். நான் பழகிய புதிதில் இதைக் கவனிக்காமல் ஓரத்தை முதலில் வெட்டவிட்டேன். அறுந்த தட்டு அடியில் இருந்த கம்பி வலைமேல் லேசாகச் சாய்ந்தது. அதன்பின் விழுந்த நான்கு ஓட்டையும் முட்டை வடிவம். பார்வைக்கு வட்டம்போலவே இருந்தன. நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அளவி வைத்தபோதுதான் பிடிபட்டது. உள்வடிவத்தை முதலில் வெட்டச் சொல்லும் வசதி மென்பொருளில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒரு நுணுக்கம். லென்ஸ் குவிக்கும் ஒளி உடுக்கை வடிவம் கொண்டது. இடுப்பில் ஒடுங்கி, மேலும் கீழும் அகலும். அதனால் ஓட்டையின் சுவர் செங்குத்தாக இருக்காது, மேல்வாயும் கீழ்வாயும் சற்று வேறுபடும். காய் விழுமா என்பதை முடிவு செய்வது இரண்டில் குறுகலான வாய். தட்டைத் திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் அளந்து, குறுகிய பக்கம் 8.00 வரும்படி திருத்துங்கள். அளவு கூடினால் விற்கிறவருக்கு நட்டம், குறைந்தால் வாங்குகிறவருக்கு நட்டம். தட்டு இரண்டு பேருக்கும் பொதுவாக நிற்க வேண்டும்.

பட்டறைச் சுவரில் ஒரு பலகை

0.18 என்ற எண்ணை இங்கிருந்து எடுத்துப் போய் உங்கள் மெஷினில் போடாதீர்கள். குழாய் வயதாக ஆக ஒளி தளர்கிறது. லென்ஸில் புகை படிகிறது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு பிளைவுட்டுக்குள் பசை வேறாக இருக்கிறது. அந்தந்த மெஷினில், அந்தந்தத் தகட்டில், அந்த மாதம் அளந்த எண்தான் உண்மை.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப்பட்டறையின் அருமை இங்கேதான் தெரிகிறது. வேகத்தையும் சக்தியையும் படிப்படியாக மாற்றி, கட்டம் கட்டமாகச் சுட்டுப் பார்த்த சோதனைப் பலகையைச் சுவரில் மாட்டிவைப்பார்கள். எந்தத் தகடு, எந்தத் தேதி, எந்த வேகம், வெட்டிழப்பு எவ்வளவு என்று பக்கத்தில் குறிப்பு. தனியாக மெஷின் வைத்திருப்பவர் ஒரு வருடத்தில் கண்டுபிடிப்பதைப் பத்துப் பேர் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

கூடவே ஒரு தடையும் எழுதியிருக்கும்: பிவிசி கூடாது. பெயர்ப்பலகைக் கடைகளில் புழங்கும் ஃபோம் ஷீட் பெரும்பாலும் பிவிசிதான். லேசர் பட்டால் அதிலிருக்கும் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி நுரையீரலைப் புண்ணாக்கும், மெஷினையும் துருவேற்றும். சந்தேகம் வந்தால் மெஷினுக்கு வெளியே, திறந்தவெளியில் ஒரு சோதனை செய்யலாம். செம்புக் கம்பியைத் தணலாகச் சூடாக்கி, அந்தத் தகட்டில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது என்று பொருள். மெஷினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் கூடவே கூடாது. ஒரு மூலையில் பிடித்த சிறு தீ சில நிமிடத்தில் மெஷினையே எரித்துவிடும்.

பொதுப்பட்டறை என்றதும் பெரிய நகரம் நினைவுக்கு வரலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொடங்கிய ‘ஃபேப் லேப்’ என்ற பொதுப்பட்டறை, அந்தக் கல்விநிலையத்துக்கு வெளியே முதலில் கிளைவிட்டது ஓர் இந்தியக் கிராமத்தில். 2002இல், புணே மாவட்டத்துப் பாபளில். குமார் படேல் பிறந்த அதே மாவட்டம். மழை குறைந்த அந்த ஊரில் எஸ்.எஸ்.கல்பாக் 1983இல் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமத்தில், படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் கையால் வேலை செய்து அறிவியல் கற்றுக்கொண்டிருந்தார்கள். மெஷின் அவர்களைத் தேடிப் போனது. நமக்கு அருகில் கேரள ஸ்டார்ட்அப் மிஷன், திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இப்படிப்பட்ட பட்டறைகளை அமைத்தது. குமுளி மலையைத் தாண்டியதும் தொடங்கும் மாநிலம் அது.

பாபளைவிடத் தேனிப் பள்ளத்தாக்கில் வசதி அதிகம். பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. அளந்து செய்ய வேண்டிய பொருளுக்கும் பஞ்சமில்லை. புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பெட்டி வேண்டும், வாழைத்தாருக்கு அடையாள அச்சு வேண்டும், ஏலக்காய்க்கு அளவுத் தட்டு வேண்டும்.

லேசர் மெஷின் வைத்திருக்கும் கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள் அந்த அறையை ஊர்க்காரர்களுக்குத் திறந்து வையுங்கள். ஒரு வெர்னியர் அளவியையும் ஒரு சோதனைப் பலகையையும் சுவரில் மாட்டுங்கள். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். மலைக்கு ஜீப்பில் போகிறவர்களில் பலர் வீட்டில் இருப்பது அன்றுதான்.